அடுப்படி ஜன்னல்

மூன்று மணி ஷிப்டுக்கு வந்ததும் மதிவதனி முதலில் நாற்காலியைத் தாழ்த்துவாள். காலை ஷிப்ட் பார்த்துவிட்டுப் போகும் ஜெபகுமார் நல்ல உயரம். அவன் வைத்துவிட்டுப் போன உயரத்தில் அவள் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது; பெரியவர்கள் பெஞ்சில் தூக்கி உட்காரவைத்த பிள்ளை மாதிரி ஆடும். அடியில் இருக்கும் பிடியை இழுத்தால் நாற்காலி புஸ்ஸென்று இறங்கும். மறுநாள் காலை அவன் வந்து மறுபடி ஏற்றிக்கொள்வான். ஜெபகுமார் அவள் புருஷன்தான். இருவருக்கும் ஒரே நாற்காலி, ஒரே கணினி, ஒரே லாகின். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். வெளிநாட்டுப் பழைய கட்டடங்களை அங்கே லேசரால் அளந்து அனுப்புவார்கள். இங்கே அதைப் பார்த்துப் படம் வரைந்து திருப்பி அனுப்ப வேண்டும். வரைகிற மென்பொருளுக்கு ஆளுக்கு ஒரு லைசென்ஸ் வேண்டும். மேனேஜர் வனமாமலை ஒரே லைசென்ஸை வாங்கி இரண்டு ஷிப்டும் ஓட்டினார். அந்த வட்டாரத்தில் அது யாருக்கும் விநோதமாகத் தெரியாது. இருங்காட்டுக்கோட்டை வாடகை ரூம்களில் பகல் ஷிப்ட்காரன் எழுந்துபோன பாயில் சூடு ஆறுவதற்குள் இரவு ஷிப்ட்காரன் வந்து படுக்கிறான். பாய் யார் பெயரில் இருக்கிறது என்று எவன் கேட்டான்?

ஜெபகுமார் முதலில் சேர்ந்தவன் என்பதால் லாகின் அவன் பெயரில். மதிவதனி தினமும் அவன் பெயரைத் தட்டி, அவன் பாஸ்வேர்டைத் தட்டி உள்ளே போவாள். அவள் எழுந்து போகும்வரை திரையின் மூலையில் ஜெபகுமார் என்றே இருக்கும். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, அந்தக் காவல் வீடு வந்து சேரும்வரை.

ஃபைலுக்கு 'கேட் லாட்ஜ்' என்று பெயர். கீழே டீக்கடையில் ஆபீஸ் பையன்கள், "இன்னாண்ணே, புருஷனும் பொண்டாட்டியும் மாறி மாறி லாட்ஜுல கீறீங்களாமே" என்று ஜெபகுமாரைக் கிண்டலடித்துத் தீர்த்தார்கள். அது தங்கும் விடுதி இல்லை. இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமப்புறத்தில், பெரிய ஜமீன் போன்ற ஒரு பண்ணையின் நுழைவாசலில், வாசல் காப்பவன் குடும்பத்தோடு இருப்பதற்காகக் கட்டிய சின்னக் கல்வீடு. பிரபுவின் மாளிகை உள்ளே வெகுதூரத்தில் மரங்களுக்குப் பின்னால் இருக்கும். வருகிறவன் முதலில் பார்ப்பது இந்த வீட்டைத்தான். அதனால் வீடு சின்னதானாலும் அலங்காரத்துக்குக் குறைவில்லை. ஒரு லாரிக்காரன் பின்னால் எடுக்கும்போது மூலையில் மோதி, சுவர் வயிறு தள்ளிப் பிதுங்கிவிட்டதாம். கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, மறுபடி அதே இடத்தில் அடுக்கப்போகிறார்கள். அதற்கு ஒவ்வொரு கல்லின் வடிவமும் படத்தில் வேண்டும்.

லேசர் அனுப்பியது கோடிக்கணக்கான புள்ளிகள். திரையில் அது வீடு மாதிரியும் தெரியும், மூடுபனி மாதிரியும் தெரியும். அந்தப் பனிக்குள் கையை விட்டுத் துழாவி ஒவ்வொரு கல்லாக எடுப்பது மதிவதனிக்குப் பிடித்திருந்தது. கூரையே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓட்டுக்குப் பதில் கற்பலகைகள். விளிம்பில் முறம் அகலத்துக்கு இருப்பவை மேலே போகப் போகச் சிறுத்து, முகட்டில் உள்ளங்கை அளவாகிவிடும். ஜன்னல்களுக்கு மேலே மழைநீர் சுவரில் வழியாமல் எட்டி விழுவதற்குக் கல்லிலேயே புருவம் வைத்திருந்தார்கள். முன்னறையின் ஜன்னல் சுவரைவிட்டு வெளியே பிதுங்கி மூன்று பக்கம் பார்த்தது; உள்ளே நின்றபடியே சாலையின் இரண்டு முனையையும் பார்க்கலாம். முன்வாசலுக்குக் கூர்மையான வளைவு, அதன் உச்சியில் பிரபுவின் குடும்பச் சின்னம். சாலையைப் பார்த்த சுவர்களில் மட்டும்தான் செதுக்கி இழைத்த கல். பின்பக்கம் போனால் கிடைத்த கல்லைக் கிடைத்தபடி வைத்துக் கட்டியிருந்தான் கொத்தன்.

மதிவதனி தன்னை அவ்வளவு சீக்கிரம் நம்புகிறவள் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பிளான்ட்டில் உற்பத்தி லைனில் நின்றுகொண்டே சாயங்கால வகுப்பில் டிப்ளமோ படித்தவள். அந்த வகுப்பில்தான் ஜெபகுமார் அடுத்த பெஞ்சு. முதலில் வரைந்து முடித்துவிட்டு விசிலடிப்பவன் அவன். போட்ட கோட்டை அழித்து மறுபடி அதே கோட்டையே போட்டுக்கொண்டு, வாட்ச்மேன் லைட்டை அணைக்கும்வரை உட்கார்ந்திருப்பவள் அவள். இப்போதும் அப்படித்தான். காலையில் அவன் வேகமாகப் போட்டுவிட்டுப் போனதை அவள் மாலையில் புள்ளி புள்ளியாகச் சரிபார்ப்பாள். சந்தேகங்களைப் படத்தின் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் எழுதிவைப்பாள். காலையில் அவன் படித்துவிட்டுத் திருத்தி, சிவப்பை அழித்துவிட்டு அனுப்புவான். புருஷனும் பெண்டாட்டியும் வாரநாட்களில் பேசிக்கொண்டது பெரும்பாலும் அந்தச் சிவப்பு எழுத்தில்தான். சில நாள், 'குழம்பு ஃபிரிட்ஜுல' என்றும் இருக்கும்.

சமையலறை வாசற்படியில்தான் தகராறு தொடங்கியது. வீட்டின் பக்கவாட்டில் இருந்த அந்தச் சின்ன வாசலின் படியை ஜெபகுமார் ஸ்கேல் வைத்தாற்போல் நேர்க்கோடாகப் போட்டிருந்தான். புள்ளிகளோ நடுவில் தொங்கின. தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து, புள்ளிகளைக் குறுக்காக மூன்று தடவை வெட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் படி குழிந்தே இருந்தது. குழித்து வரைந்தாள். காலையில் அவன் நேராக்கினான். கல் எங்காவது தொங்குமா, அது ஸ்கேனர் தப்பு என்று எழுதிவைத்தான். மாலையில் மறுபடி குழித்தாள். பிறகு முன்வாசல் படியைப் போய்ப் பார்த்தாள். சின்னமும் வளைவுமாக அத்தனை ஜோடனை செய்திருந்த முன்வாசலின் படி நேற்றுச் செதுக்கியது போல் விளிம்பு மழுங்காமல் இருந்தது. அங்கே யாரும் நடந்ததே இல்லை. ஊரே நடந்தது போல் தேய்ந்திருந்தது அடுப்படிப் படி. அதுவும் நடுவில் இல்லாமல், கேட் இருக்கும் பக்கமாகத் தேய்ந்திருந்தது.

அடுத்து அந்த ஜன்னல். சமையலறையில் கணப்படுப்பின் ஓரத்தில், சாலைப் பக்கச் சுவரில் ஒரு கீற்று மாதிரி ஒடுங்கிய ஜன்னல் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் படாதபடி, சுவரைத் தாங்கி நிற்கும் முட்டுச்சுவரின் மறைவில் வைத்திருந்தார்கள். மற்ற ஜன்னல்களின் வரிசைக்கும் உயரத்துக்கும் அது சேரவில்லை; ரொம்பத் தாழ இருந்தது. வெளிச்சத்துக்கு என்றால் பெரிதாக வைத்திருப்பான். புகைக்கு என்றால் மேலே வைத்திருப்பான்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் தன் அம்மாவின் அடுப்படி ஞாபகம் வந்தது. மதிவதனியின் அப்பா வாலாஜாபாத் சாலையில் ஒரு ரைஸ்மில்லில் வாட்ச்மேன். கேட்டை ஒட்டி ஓர் அறை கொடுத்திருந்தார்கள். சம்பளம் அப்பாவுக்கு, கேட்டைத் திறந்தது அம்மா கிளியம்மாள். மூட்டை இறக்கப் போ, முதலாளி வீட்டுக்குப் போ என்று அப்பாவை ஓயாமல் ஏவுவார்கள். லாரி வந்து ஹாரன் அடித்தால் அம்மாதான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். அடுப்பின் பக்கத்தில் இரண்டு செங்கல்லை உருவி ஓர் ஓட்டை போட்டுவைத்திருந்தாள். லாரியின் வெளிச்சம் அதில் விழுந்ததும், ஹாரனுக்குக் காத்திராமல் எழுந்துவிடுவாள்.

அன்று மாலை மதிவதனி சிவப்பில் நிறையவே எழுதினாள். படி தேய்ந்தது ஸ்கேனர் தப்பில்லை. வாசல் காப்பவன் என்று ஒருவனை வேலைக்கு வைத்திருப்பார்கள். அவன் தோட்டத்திலோ லாயத்திலோ இருந்திருப்பான். கேட்டைத் திறந்தது அவன் பெண்டாட்டி. சமைத்துக்கொண்டே சாலையைப் பார்க்கத்தான் இந்த ஜன்னல். வீடு கட்டியவனுக்கே அது தெரியும், தெரிந்தேதான் ஜன்னலை மறைவில் வைத்திருக்கிறான். எங்கள் அம்மா ரைஸ்மில்லில் இப்படித்தான் இருந்தாள். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், நீ ஒரு தடவை பார்.

ஜன்னலின் அடிமட்டம் ஏன் அவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதற்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அதில் இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருந்ததால் எழுதவில்லை.

மறுநாள் ஜெபகுமார் காலையிலேயே ஆபீஸிலிருந்து போன் செய்து எழுப்பிவிட்டான். அவன் குரலே வேறாக இருந்தது. "மதி, இன்னா மூளை உனக்கு. படிச்சிட்டு எனக்கு உடம்பே சிலுத்துக்கிச்சு. இத நான் அந்த அம்மாகிட்ட சொல்லியே ஆவணும். நீதான் கண்டுபிடிச்சேன்னு சொல்றேன், பாரு."

அந்த அம்மா என்பது இங்கிலாந்தில் அந்த வீட்டைப் பழுது பார்க்கும் பொறுப்பில் இருந்த வயதான கட்டடக் கலைஞர். வியாழக்கிழமை மதியம்தோறும் ஸ்பீக்கரில் மீட்டிங் உண்டு. ஒப்பந்தப்படி இந்த ஃபைலைத் தொடக்கூடியது பயிற்சி பெற்ற ஒரே ஆள். அந்த ஆள் ஜெபகுமார். மதிவதனி ஆபீஸ் கணக்கில் உதவியாள். மென்பொருளில் அவளுக்கென்று தனி சீட் வேண்டும், அவள் பெயரில் லாகின் வேண்டும் என்று ஜெபகுமார்தான் வனமாமலையிடம் பேசினான். வனமாமலை திருநெல்வேலிப் பக்கம். யோசித்துவிட்டு, "கிளையண்ட் அம்மா சரின்னு சொன்னா போட்டுருதேன்டே. ரெண்டு பேரு வேலை செய்யதத நீயே பக்குவமா எடுத்துச் சொல்லு. அவங்க வாயால மதிவதனின்னு வந்துட்டா அப்புறம் எனக்கென்ன" என்றார்.

அந்த வியாழக்கிழமை மதிவதனி தலைக்குக் குளித்தாள். சர்ச்சுக்குக் கட்டும் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திராமல் ஷேர் ஆட்டோவில் முன்னதாகவே போய்ச் சேர்ந்தாள். கூப்பிட்டால் உள்ளே போய் இங்கிலீஷில் என்ன சொல்வது என்று வழி முழுக்க உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மேனேஜர் அறை வெறும் பிளைவுட் தடுப்பு. வனமாமலைக்குக் காது சற்று மந்தம் என்பதால் ஸ்பீக்கர் எப்போதும் அலறும். தடுப்புக்கு வெளியே தண்ணீர் கேன் வைத்திருந்த ஸ்டூலின் பக்கத்தில் அவள் நின்றாள். டேட்டா என்ட்ரி பிரவீனா ஏறிட்டுப் பார்த்து, "இன்னாக்கா, நிச்சயதார்த்தமா" என்று கேட்டாள். மதிவதனி சிரித்தாள்.

உள்ளே ஜெபகுமார் பேசிக்கொண்டிருந்தான். நிதானமான, திருத்தமான இங்கிலீஷ். படியைப் பற்றிச் சொன்னான். பிறகு முன்வாசல், பிறகு ஜன்னல். அவள் சிவப்பில் எழுதியிருந்த அதே வரிசை. 'கவனித்தோம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கவனித்தேன்' என்றான். மதிவதனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் சொல்வான், இது முன்னுரை என்று நினைத்தாள். இது உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று அந்த அம்மாள் கேட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் நெகிழ்ந்திருந்தது.

ஜெபகுமார் சொன்னான். என் அம்மா இப்படித்தான். ஒரு ரைஸ்மில் கேட்டில் இருந்தார்கள். அடுப்புப் பக்கத்தில் இரண்டு செங்கல்லை உருவி ஓட்டை போட்டிருந்தார்கள்.

மதிவதனி தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டாள். ஜெபகுமாரின் அம்மா வாலாஜாபாத் பஜாரில் தையல்கடை வைத்திருப்பவர். ரைஸ்மில் பக்கமே போனதில்லை.

அந்த அம்மாள் வெகுநேரம் பாராட்டினார். அப்புறம் சிரித்துக்கொண்டே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றார். காலையிலும் இந்த ஃபைலில் நீங்கள் இருக்கிறீர்கள், ராத்திரியும் நீங்களே இருக்கிறீர்கள். நீங்கள் தூங்குவதே இல்லையா? உங்களுக்கு உதவிக்கு வேறு யாராவது இருக்கிறார்களா?

தடுப்புக்கு இந்தப் பக்கம் மதிவதனி நிமிர்ந்து நின்றாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்றான் ஜெபகுமார். இந்த வீட்டின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை வந்துவிட்டது. ஏன் இவ்வளவு நேரம் கழித்து வருகிறாய் என்று என் மனைவிதான் தினமும் திட்டுகிறாள்.

உள்ளே மூன்று பேரும் சிரித்தார்கள். வனமாமலையின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது.

மீட்டிங் முடிந்து வெளியே வந்த ஜெபகுமார் நீலப் புடவையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவள் மாடிப்படி இறங்கினாள். அவன் பின்னாலேயே வந்தான். டயர் கடையில் காற்று அடிக்கும் இரைச்சல். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. அந்த இரைச்சலிலேயே அவன் விளக்கினான். ஒரே லாகினில் இரண்டு பேர் என்று சொன்னால் லைசென்ஸ் கம்பெனிக்குத் தெரிந்துவிடும், கான்ட்ராக்ட் போய்விடும், இரண்டு பேருக்கும் வேலை இருக்காது. அந்த அம்மாள் திடீரென்று கேட்டதும் பயத்தில் அப்படிச் சொல்லிவிட்டான். அடுத்த மாதம் டீம் லீடர் ஆக்கப்போகிறார்களாம். ஆனதும் முதல் வேலை அவளுடைய சீட்தான்.

அவன் சொன்ன பயம் பொய்யில்லை என்று மதிவதனிக்குத் தெரியும். அதனால் அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"வேலைய காப்பாத்திக்கினே, சரி. எங்கம்மாவ எதுக்கு எட்த்துக்கினே?"

"ஒரு ஃப்ளோல வந்துட்ச்சி மதி. நம்ம அம்மான்னா ஒண்ணுதான."

"திட்றேன்னு சொன்னியே. நான் என்னிக்கி திட்னேன்?"

"அது சும்மா தமாசுக்கு. அவங்களும் சிரிச்சாங்க பாத்தியா."

ஷிப்ட் மணி ஆகிவிட்டது. அவள் மேலே போய் நாற்காலியைத் தாழ்த்தி உட்கார்ந்து, அவன் பெயரைத் தட்டி உள்ளே போனாள்.

ஆறு மணி வாக்கில் படத்தின் மேல் ஒரு கேள்வி வந்து விழுந்தது. அந்த அம்மாள் எழுதியிருந்தார். அன்புள்ள ஜெபகுமார், நீங்கள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. சாலையைப் பார்ப்பதற்கான ஜன்னல் என்றால், நிற்பவளின் கண் உயரத்தில் அல்லவா இருக்க வேண்டும்? இது ஏன் இடுப்புக்கும் கீழே இருக்கிறது?

மதிவதனிக்கு அதற்குப் பதில் தெரியும். அதைத் தட்டவும் தொடங்கினாள். திரையின் மூலையில் ஜெபகுமார் என்று இருந்தது. அழித்தாள். யோசித்தாள். தான் செய்யப்போவது சரியா என்று வழக்கம்போல் மூன்று தடவை கேட்டுக்கொண்டாள். மூன்று தடவையும் பதில் ஒன்றாக வரவில்லை. ஆனாலும் அவன் பெயரிலேயே இப்படி எழுதினாள்:

எனக்குத் தெரியாது. படியையும் ஜன்னலையும் கண்டுபிடித்தது என் மனைவி மதிவதனி. ரைஸ்மில் கேட்டில் இருந்தது அவளுடைய அம்மா. சாயங்காலங்களில் இந்த ஃபைலில் இருப்பது அவள்தான். அவளைக் கேட்டுச் சொல்கிறேன்.

அனுப்பினாள். பிறகு கூரையின் கற்பலகைகளை எடுத்துக்கொண்டு ஷிப்ட் முடியும்வரை வரைந்தாள். 

மறுநாள் காலை அவள் தூக்கம் கலைவதற்குள் அவன் கிளம்பிப் போயிருந்தான். போன் வரவில்லை. மூன்று மணிக்கு அவள் போய் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினாள். தவறு என்றது. விரல் மாறிவிட்டதோ என்று மெதுவாக ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். தவறு என்றது. ஷிப்ட் முடிந்தும் போகாமல் மேனேஜர் அறை வாசலில் நின்றிருந்தான் ஜெபகுமார். அவளைப் பார்க்காமல், "சார் கூப்புட்றாரு" என்றான்.

வனமாமலை கோபமாக இல்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. உட்காரச் சொல்லி, பிரவீனாவை அனுப்பி டீ வரவழைத்தார். நேற்று எழுதியதற்கு ஜெபகுமார் காலையிலேயே பதில் போட்டுச் சமாளித்துவிட்டதாகச் சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டினார். மன்னிக்கவும், நேற்று என் மனைவி ஆபீஸுக்கு வந்திருந்தாள், என் பின்னால் நின்று விளையாட்டுக்காக இதை எழுதிவிட்டாள் என்று இருந்தது. கீழே அந்த அம்மாள் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டு, உங்கள் மனைவிக்கு நகைச்சுவை உணர்வு அதிகம், ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறதே என்று எழுதியிருந்தார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. நீங்க ரெண்டு பேரும் எனக்கு வேணும். நல்ல சேதியும் இருக்கு, பாத்துக்கிடுங்க. வேலை கூடிட்டுன்னு இன்னொரு சீட்டுக்கு அந்த அம்மா சரின்னுட்டாங்க. உம் புருஷன் கேட்டான்லா, போட்டாச்சு." அவர் ஒரு துண்டுக் காகிதத்தை நகர்த்தினார்.

அதில் லாகின் பெயர் இருந்தது. ஜெபகுமார் 2.

பெயர் மாற்றினால் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும், ஆளின் படிப்பு விவரம் கேட்பார்கள், எதற்குத் தொல்லை என்று வனமாமலை சொன்னார். அந்த லாகினில் வரையலாம், திருத்தலாம், எல்லாம் செய்யலாம். கிளையண்டுக்குப் பதில் எழுதும் வசதி மட்டும் கிடையாது. ஜெபகுமார் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம் பேரு அது இல்லியே சார்" என்றாள் மதிவதனி.

"தெரியும்லா. யாரு இல்லேன்னா? உள்ளுக்குள்ள நமக்கெல்லாம் தெரியும்லா, படத்துல கை யாருதுன்னு."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் இப்போதாவது வாயைத் திறப்பான் என்று ஒரு நப்பாசை. "கொஞ்ச நாளைக்கு மதி" என்றான் காலண்டரிடம். அவள் டீயைக் குடிக்கவில்லை. காகிதத்தை எடுக்கவில்லை. நாற்காலியில் முதுகுக்கு வைத்துக்கொள்ள வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த குட்டித் தலையணையை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பிரவீனா படிவரை வந்து, "உடம்பு சரியில்லியாக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. மூன்று மணி ஷிப்டுக்கான பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும், கதவைச் சாத்திக்கொள்வாள். ஜெபகுமார் இரண்டு ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தான். காலை ஏழு மணிக்குப் போனால் ராத்திரி பஸ்ஸில்தான் வருவான். கண் சிவந்திருக்கும். சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு அவள் படுத்துவிடுவாள். அவன் இங்கிலாந்துக்குச் சொன்ன பொய்யின் பாதி அப்படித்தான் மெய்யானது. அவள் திட்டினாள் என்ற மறுபாதி மட்டும் மெய்யாகவில்லை. ஒரு வார்த்தை திட்டினால் அவனுக்கு நிம்மதியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. இதற்கிடையில் இருங்காட்டுக்கோட்டையில் பழைய பிளான்ட் சூப்பர்வைசருக்குப் போன் செய்து, லைனில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்துவைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்குப் போன் அடித்தது. அவள் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, வாடகை அறையின் அடுப்பு மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் எட்டாத உயரத்தில். உட்கார்ந்து பார்த்தால் எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரியும்.

"மதி, இன்னும் கொஞ்ச நேரத்துல மீட்டிங்கு" என்றான் ஜெபகுமார். குரல் இறங்கியிருந்தது. "அந்த ஜன்னலு ஏன் அவ்ளோ தாழ கீதுன்னு அந்த அம்மா மறுபடி கேட்டுகினே கீறாங்க. நானும் ரெண்டு நாளா பாக்றேன், ஒண்ணும் பிடிபடல. உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். சொல்லேன்."

தெரியும். அவள் அம்மா செங்கல்லை உருவியதும் அந்த உயரத்தில்தான். மதிவதனியின் தம்பி அப்போது கைக்குழந்தை. அடுப்போரத்தில் மணைபோட்டு உட்கார்ந்து, அவனுக்குப் பால் கொடுத்தபடியே அம்மா ஓட்டை வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளிச்சம் விழுந்ததும் பிள்ளையை மார்போடு அணைத்தபடி எழுந்துபோய்க் கேட்டைத் திறப்பாள். அந்தக் கல்வீட்டிலும் அடுப்போரம் ஒரு குட்டை நாற்காலி இருந்திருக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் கல்லை வைத்திருக்கிறான் கொத்தன். இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

"உம் பொண்டாட்டிய கேளு" என்றாள்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"நான் இல்ல. தெனம் திட்டிகினே இருப்பாளே ஒருத்தி, அவ. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அந்தப் பக்கம் டயர் கடையின் காற்று இரைந்தது. வனமாமலை யாரையோ கூப்பிடும் குரல் தூரத்தில் கேட்டது. ஜெபகுமார் எதையோ சொல்லத் தொடங்கி, அவள் பெயரில் பாதியைச் சொல்லி நிறுத்தினான். மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள் என்றான். சரி என்றாள் அவள்.

போனைத் தரையில் கவிழ்த்துவைத்துவிட்டு, மிச்சமிருந்த கீரையை ஆய்ந்து முடித்தாள். எழுந்து கழுவப் போகும்போது உலை பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.